குறட்டையும் ரயில்வே கேட்டும்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறிவியலைத் தமிழில் பேச வேண்டும் என்பது ஒன்றுதான் இந்த அறக்கட்டளையின் நிபந்தனை. தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். நெஞ்சக நோய் மருத்துவன் என்பதால் காசநோயைப் பற்றியோ ஆஸ்துமாவைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் குறட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். குறட்டை என்றதும் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நோயாளி மருத்துவரிடம் வராமல் போவதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

குறட்டைக்கு முன் ஒரு விபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிருந்து கடலூர் போகிற ரயில் ஆலப்பாக்கம் தாண்டியதும் செம்மங்குப்பம் வரும். 2025 ஜூலை 8ஆம் தேதி காலை ஏழே முக்கால் மணி அளவில், அங்குள்ள 170ஆம் எண் கேட்டில், விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் பயணிகள் ரயில் பள்ளி வேன் ஒன்றின் மீது மோதியது. கேட் மூடப்படவில்லை. மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் இந்த மாவட்டத்தின் டீக்கடைகளில் எல்லாம் ஒரே பேச்சு: "கேட் கீப்பர் தூங்கிட்டானாம்."

அந்த அறையில் அன்று காலை உண்மையில் என்ன நடந்தது என்று தீர்மானிப்பது விசாரணையின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. அந்த ஊழியருக்கு நான் பேசப்போகும் நோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. என்னை யோசிக்க வைத்தது அந்த டீக்கடைப் பேச்சுதான். 'தூங்கிட்டான்' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கிறோம். ஏன் தூங்கினார், எத்தனை நாளாக இப்படி, இரவில் அவர் உறக்கம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பகலில் தூங்குகிறவன் சோம்பேறி, பொறுப்பில்லாதவன். அத்துடன் தீர்ப்பு முடிந்தது. மருத்துவத்தில் அப்படி முடிப்பதற்கில்லை.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கத்துக்காரர். பலாப்பழ லோடு ஏற்றிச் சென்னைக்கு லாரி ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தொந்தி கொஞ்சம், கழுத்து குட்டை. அவராக வரவில்லை, மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். "மூச்சு நின்னுடுதுங்க ஐயா. முதுகுல தட்டுவேன், அப்புறம்தான் வரும்" என்றார் அந்த அம்மா. அவரோ, "எனக்கு ஒண்ணுமில்ல சார், படுத்தா உடனே தூங்கிடுவேன்" என்றார் பெருமையாக. சிக்னலில் வண்டி நின்றாலும் கண் சொக்கிவிடும் என்று பிறகுதான் மெதுவாகச் சொன்னார்.

அவரை ஓர் இரவு உறக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்தோம். தலையிலும் கன்னத்திலும் நெஞ்சிலும் ஒயர்கள், மூக்கின் கீழ் ஒரு குழாய், விரல் நுனியில் ஆக்சிஜன் காட்டும் கிளிப். விளக்கை அணைத்தோம், ஐந்து நிமிடத்தில் குறட்டை. கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்கோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று தட்டையாகிவிட்டது. நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. மனிதர் மூச்சை இழுக்கிறார், காற்றுதான் உள்ளே போகவில்லை. இருபது விநாடி, முப்பது, நாற்பது. ஆக்சிஜன் அளவு 95இலிருந்து 80க்குக் கீழே வந்தது. மூளை அலைக்கோடு சட்டென்று சிலிர்த்தது. ஒரு பெரிய உறுமல், காற்று உள்ளே பாய்ந்தது, மறுபடியும் குறட்டை. விழித்தது அவருக்கே தெரியாது. அடுத்த நிமிடம் மீண்டும் அதே கதை. விடியும்வரை இப்படித்தான். காலையில் எழுந்ததும் "நல்ல தூக்கம் சார்" என்றார்.

பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அதை ஒரு தடவை என்று எண்ணுகிறோம். மூச்சு கணிசமாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினால் அதையும் கூட்டிக்கொள்கிறோம். மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் போனால் நோய். பதினைந்தைத் தாண்டினால் நடுத்தரம். முப்பதைத் தாண்டினால் கடுமை. இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறோம், உறக்க மூச்சடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 2023இல் தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் இந்தியாவில் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். வயது வந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்றும், உழைக்கும் வயதினரில் மட்டும் சுமார் 10.4 கோடிப் பேர் என்றும் கணக்குச் சொன்னார்கள். இதில் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தொண்டை ஏன் அடைக்கிறது? மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை உள்ள பாதைக்கு எலும்புச் சுவர் இல்லை, தசையும் சதையும்தான். சர்பத் கடையில் காகித உறிஞ்சுகுழல் தருகிறார்களே, அது ஊறிப்போன பிறகு பலமாக உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும், இன்னும் பலமாக உறிஞ்சினால் இன்னும் இறுக ஒட்டும். தொண்டையும் அப்படியே. விழித்திருக்கும்போது அது ஒட்டாமல் காப்பாற்றுவது நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கும் தசை. குறுகிய தொண்டைக்காரர்களுக்கு இந்தத் தசை பகலெல்லாம் மற்றவர்களைவிட அதிகமாக உழைக்கிறது என்று 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். உறங்கியதும் அந்தக் கூடுதல் உழைப்பு நின்றுவிடுகிறது. அதனால்தான் கண் மூடிய மனிதர் மூச்சுக்குப் போராடுகிறார், கண் திறந்ததும் எந்தக் குறையும் இல்லாதவர்போல எதிரே உட்கார்ந்திருக்கிறார். பகலில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு ஒன்றும் கேட்காது.

மருத்துவம் இதைப் பிடித்ததே தாமதமாகத்தான். 1836, 37இல் டிக்கன்ஸ் எழுதிய நாவலில் ஜோ என்ற குண்டுப் பையன் வருவான், நின்றபடியே தூங்குவான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்த நாவலின் பெயரையே ஒரு நோய்க்குச் சூட்டினார்கள். ஆனாலும் தூக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்ற விஷயம் அப்போது பிடிபடவில்லை. 1965இல் பிரான்சில் கஸ்தோவும் அவர் குழுவினரும், ஜெர்மனியில் யுங்கும் கூலோவும், தனித்தனியாக உறங்குகிறவரின் மூச்சைப் பதிவுசெய்து பார்த்த பிறகுதான் விளங்கியது. உறங்குகிறவர் பக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

காரணம் தெரிந்ததும் கிடைத்த முதல் வைத்தியம் கொடூரமானது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. அடைப்புக்குக் கீழே வழி திறந்துவிடுவதால் நோய் அன்றே தீரும், வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் ஓட்டையோடு இருக்க வேண்டும். 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். கட்டட வேலை செய்கிறவர், நோய் முற்றியிருந்தது. கழுத்தில் துளை போட அவர் ஒப்பவில்லை. வேறு எதையாவது முயல்வதானால் ஓரிரவு படுத்துப் பார்க்கிறேன் என்றார். சல்லிவனிடம் ஒரு யோசனை இருந்தது. மூக்கு வழியாகக் காற்றைச் சற்று அழுத்தத்தோடு செலுத்திக்கொண்டே இருந்தால் தொண்டை ஒட்டாமல் விரிந்தே இருக்கும் அல்லவா? தூசு உறிஞ்சும் மிஷினில் இருக்கிற மாதிரி ஒரு மோட்டார், குழாய், மூக்கை அச்செடுத்துச் செய்த முகமூடி, காற்று கசியாமல் இருக்கச் சிலிக்கோன் பசை. இவ்வளவுதான் கருவி. அழுத்தத்தைக் கூட்டினார், மூச்சடைப்பு நின்றது. குறைத்தார், திரும்ப வந்தது. கூட்டிவைத்துவிட்டு விட்டார், அந்த மனிதர் பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முதலாக ஓர் இரவு முழுக்க உறங்கினார். 1981இல் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளின் கதையாக இது வெளிவந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம் மட்டுமே, ஒரு டம்ளர் தண்ணீரின் உயரம்கூட இல்லை.

இன்று சிபேப் மிஷின் என்று விற்கிறார்களே, அது இதன் பேரப்பிள்ளைதான். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் இதைவிட உறுதியாகத் தொண்டையைத் திறக்கும் வழி வரவில்லை. ஆனால் மிஷின் வேலை செய்வது ஒன்று, மனிதர் அதை மாட்டிக்கொள்வது இன்னொன்று. 2016இல் வெளிவந்த 'சேவ்' என்ற பெரிய ஆய்வில் இந்தியா உட்பட ஏழு நாடுகளைச் சேர்ந்த 2,717 இதய, மூளை ரத்தக்குழாய் நோயாளிகள் இருந்தார்கள். மிஷின் வைத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. எல்லோரும் ஏமாந்தார்கள். கணக்கைத் திருப்பிப் பார்த்தால், அவர்கள் மிஷினை மாட்டியிருந்தது ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம். மாத்திரையைப் பாதி முழுங்கிவிட்டு மருந்து பலிக்கவில்லை என்பதா, இல்லை உண்மையிலேயே இதயத்தைக் காக்க இது போதாதா என்று இன்னமும் வாதம் நடக்கிறது. என் கட்சி: இதயத்தைக் காக்கும் என்று வாக்குக் கொடுத்து மிஷின் விற்கக் கூடாது. அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, வேலைக்குப் போகாமல் விட்ட நாட்கள் குறைந்தன. வண்டி ஓட்டுகிறவருக்கும் கேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது போதும், மிஷினைத் தர வேண்டிய நியாயம் அதிலேயே இருக்கிறது.

ஒரே மருந்து எல்லோருக்கும் ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விதான் கடந்த பதினைந்து ஆண்டு ஆராய்ச்சியின் உயிர்நாடி. ஆஸ்திரேலியாவின் டேனி எக்கர்ட்டும் அவருடன் உழைத்தவர்களும் ஒரே பெயரில் நான்கு கோளாறுகள் இருப்பதாகப் பிரித்தார்கள். தொண்டை குறுகலாக இருப்பது ஒன்று. உறக்கத்தில் நாக்குத்தசை சோம்பிவிடுவது இன்னொன்று. லேசாக மூச்சு முட்டினாலே விழித்துக்கொள்கிறவர்கள் உண்டு; ஆழ்ந்து உறங்க முடியாததாலேயே அவர்கள் தொண்டை நிலைகொள்வதில்லை. மூச்சை நடத்தும் மூளைப்பகுதி அளவுக்கு மீறிப் பதறுவது நான்காவது. ஒருவருக்கு ஒன்று இருக்கலாம், நான்கும் இருக்கலாம்.

எடைக்கு வருவோம். குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்பது பாதி உண்மை. ஆசிய முகங்களில் தாடை சற்றுப் பின்தள்ளியிருப்பதால், மேலைநாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வந்துவிடுகிறது. எடை எப்படி வேலை செய்கிறது என்பதும் இப்போதுதான் தெளிவாகிறது. 2020இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உடல் எடை குறைத்த 67 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நோய் தணிந்ததற்கு வயிறு வற்றியதைவிட நாக்கிலிருந்த கொழுப்பு வற்றியதே முக்கியக் காரணம். நாக்கிலும் கொழுப்பு சேரும் என்பது எனக்கே புதுச் செய்தியாக இருந்தது. இந்த வழியில் வந்ததுதான் டிர்செபடைட் என்ற ஊசிமருந்து. நீரிழிவுக்கும் எடைக்கும் கண்டது. 2024 டிசம்பரில் உடல்பருமனோடு கூடிய உறக்க மூச்சடைப்புக்கு அமெரிக்கா அனுமதித்தது. 2025 மார்ச் முதல் இந்தியக் கடைகளிலும் அந்த ஊசி கிடைக்கிறது. விலை கேட்டால் மூச்சு நிற்கும்; அதுவும் நிறுத்தினால் எடை திரும்பும்.

நாக்குத்தசை சோம்பியவர்களுக்கு மார்பில் ஒரு சிறு கருவி புதைத்து நாக்கு நரம்பைத் தூண்டும் அறுவை சிகிச்சை 2014இல் வந்தது. பணக்கார நாடுகளின் வைத்தியம், அதற்கு மேல் பேசுவதற்கில்லை. இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்து இரவில் கொடுத்தால் அதே தசை விழிப்பாக இருக்கும் என்று 2019இல் பாஸ்டனில் இருபது பேரிடம் காட்டினார்கள்; மணிக்கு 28 தடவை நின்ற மூச்சு 7 தடவையாக இறங்கியது. அந்த வழியில் வரும் ஒரு மாத்திரை பெரிய அளவிலான சோதனைகளைக் கடந்துவிட்டது. ஏழை நாடுகளுக்கு அதுவே கடைசியில் கைகொடுக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மருந்தே வேண்டாம் என்கிறவர்களுக்கும் செய்தி உண்டு. 2009இல் பிரேசிலில் நாக்குக்கும் அண்ணத்துக்கும் மூன்று மாதம் பயிற்சி கொடுத்து மூச்சடைப்பை ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்தார்கள். அதற்கு முன் 2006இல் சுவிட்சர்லாந்தில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜெரிடூ என்ற ஊதுகருவியை நான்கு மாதம் பழகிய நோயாளிகளுக்கு நோய் தணிந்தது. 2012இல் வந்த ஓர் ஆய்வு, இரட்டை நாணல் வைத்து ஊதும் கலைஞர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு குறைவு என்றது. இரட்டை நாணல் என்றால் நம் ஊரில் சீவாளி. நாகசுரத்தின் சீவாளி. அண்ணாமலை நகரில் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நாகசுரக் கலைஞர் ஐம்பது பேரையும், அதே வயதில் தவில்காரர் ஐம்பது பேரையும் உறங்க வைத்துப் பார்க்க ஒரு முதுகலை மாணவர் போதும். ஊர் ஊராகக் கச்சேரி, இரவுக் கண்விழிப்பு, சாப்பாட்டு நேரம் எல்லாம் இருவருக்கும் ஒன்று. வாயில் வைக்கும் கருவி மட்டும்தான் வித்தியாசம். இதைவிட அழகாக ஆய்வை வடிவமைக்க முடியாது. யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

இனி தண்டவாளத்துக்கு வருகிறேன். 2003 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் ஒரு புல்லட் ரயில் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஏறத்தாழ எட்டு நிமிடம் உறங்கிவிட்டார். ரயில் 26 கிலோமீட்டர் தானாக ஓடி, ஒகயாமா நிலையத்தில் தானியங்கிக் கட்டுப்பாட்டினால் நின்றது. உள்ளே சுமார் 800 பேர்; யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஓட்டுநரைச் சோதித்தார்கள், உறக்க மூச்சடைப்பு இருந்தது. ஜப்பான் மக்கள் இந்த நோயின் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள் என்று சொல்வதுண்டு.

பத்தாண்டு கழித்து, 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில், மணிக்கு 30 மைல் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் ஒரு ரயில் 82 மைல் வேகத்தில் நுழைந்து கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கும் அதே நோய், கடுமையான நிலை, யாரும் அதுவரை கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்தான் பிற்பகல் ஷிப்டிலிருந்து விடியற்காலை ஷிப்டுக்கு மாறியிருந்தார். இரண்டு சம்பவத்திலும் நோய் ஒன்றே. ஜப்பானில் தண்டவாளம் ஓட்டுநரை நம்பியிருக்கவில்லை, நியூயார்க்கில் நம்பியிருந்தது.

செம்மங்குப்பம் கேட்டும் ஒரு மனிதரை நம்பியிருந்த கேட்தான். அங்கே அப்போது இன்டர்லாக்கிங் இல்லை. இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் மூடிப் பூட்டாமல் சிக்னல் பச்சைக்கு மாறாது, ரயில் வெளியிலேயே நிற்கும். அது இல்லாத கேட்டில், நிலைய அதிகாரி போன் செய்வார். கேட் கீப்பர் மூடிவிட்டேன் என்று ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். அந்த வாய்ச்சொல்லை வைத்து ரயில் வரும். ஒரு நாளைக்குப் போகும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 20,000 வந்தால்தான் இன்டர்லாக்கிங் என்று விதி வைத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் அதை 10,000ஆகக் குறைக்கச் சொன்னார், எல்லாக் கேட்டிலும் கேமரா வைக்கவும் உத்தரவிட்டார். முதல் உத்தரவு நல்ல உத்தரவு. கேமராவைப் பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. தூங்குகிறவரைப் படம் பிடிக்கும், அவர் ஏன் தூங்குகிறார் என்று சொல்லாது. போக்குவரத்து குறைவான கேட்டுகளில் 12 மணி நேரப் பணிமுறை இருந்துவந்திருக்கிறது. 'இடைவிட்ட வேலை' என்று அதற்கு விதிப்புத்தகத்தில் பெயர். வேலை இடைவிட்டதாக இருக்கலாம், ராத்திரி இடைவிட்டதில்லை. அந்த 12 மணி நேரத்துக்குள் நோயும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாலைக்கும் இதே கதைதான். 2016இல் அமெரிக்க லாரி ஓட்டுநர்களிடையே நடந்த ஆய்வில், நோய் தெரிந்தும் மிஷின் மாட்டாதவர்கள் தவிர்த்திருக்கக்கூடிய பெரும் விபத்துகளில் சிக்கிய வீதம் மற்றவர்களைப்போல ஐந்து மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஓட்டுநர் உரிம விதிகளிலேயே இந்நோயைச் சேர்த்தது. அமெரிக்கா ரயில், லாரி ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை கொண்டுவர ஆரம்பித்து 2017இல் கைவிட்டது. நம் ஊர் உரிம விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்கிறார்கள். கண்ணைப் பார்க்கிறார்கள், காதைப் பார்க்கிறார்கள். ராத்திரி மூச்சு நிற்கிறதா என்று ஒரு வரி இல்லை.

பரிசோதனை என்றதும் ஓட்டுநர்கள் பயப்படுவது நியாயம். பண்ருட்டிக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இது ஆபீசுக்குத் தெரிஞ்சா வண்டி குடுப்பாங்களா சார்?" என்பதுதான். கண்டுபிடித்தால் வேலை போகும் என்றால் எந்த மனிதரும் கண்டுபிடிக்க விடமாட்டார். வேலையிலிருந்து நீக்காமல், மிஷின் கொடுத்து, சில வாரம் மாற்று வேலை கொடுத்து, திரும்ப ஓட்ட விட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று உரிமம் தருகிறோம். இதற்கும் அதுவே முறை. மிஷினின் விலை ஒரு லாரி டயரின் விலைக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். நெய்வேலிச் சுரங்கத்தில், கடலூர் சிப்காட்டில், அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் என்று இந்த ஒரு மாவட்டத்திலேயே இரவு ஷிப்டில் எத்தனை ஆயிரம் பேர் கண்விழிக்கிறார்கள்!

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறது. பிரேக்கைப் பார்க்கிறார்கள், அவசர வழிக் கதவைப் பார்க்கிறார்கள், ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாமும் நடத்துகிறார்கள். அந்த முகாமில் இன்னொரு மேசை போடுங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ரத்த அழுத்தக் கருவி, ஓர் எடை மிஷின், கழுத்தை அளக்க ஒரு டேப், எட்டுக் கேள்வி உள்ள ஒரு தாள். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பகலில் அசதியா, கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேலா என்று கேட்க ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். மூன்று கேள்விக்கு ஆம் என்று வந்தவரை உறக்க ஆய்வுக்கு அனுப்புங்கள். அடுத்த முகாமிலேயே தொடங்கலாம். நான் வந்து உட்காரத் தயார்.